மலையில் பனி இருக்கு, ஆனா கேட் மூடியாச்சு: மே மாதத்திலும் பனிச்சறுக்கு நடத்தும் சின்ன மையங்களின் கணக்கு என்ன?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மே மாதக் கடைசி. டென்வர் நகரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அங்கிருந்து மேற்கே சுமார் 110 கிலோமீட்டர் மலையேறிப் போனால், நடுப்பகலில் டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையுமாகச் சிலர் பனியில் சறுக்கிக்கொண்டிருப்பார்கள். கார் நிறுத்தும் இடத்தின் முன்வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு, அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு கூட்டம். கடலே இல்லாத அந்த மாநிலத்தில் இந்த முன்வரிசைக்கு வைத்திருக்கும் பெயர் 'பீச்'.

இந்த இடம் அராப்பஹோ பேசின். உள்ளூர்க்காரர்களுக்கு 'ஏ-பேசின்'. அக்கம்பக்கத்தில் இருக்கும் பெரிய பெரிய பனிச்சறுக்கு ரிசார்ட்டுகள் பெரும்பாலும் ஏப்ரலிலேயே லிஃப்ட்டை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடும். ஏ-பேசின் மட்டும் வழக்கமாக ஜூன் முதல் வாரம் வரை ஓடும். சில வருடங்களில் ஜூலை வரைக்கும்கூட.

பணபலமும் ஆள்பலமும் உள்ள பெரிய ரிசார்ட்டுகள் மூடிவிட்ட பிறகு, சின்ன மையங்கள் ஏன் திறந்து வைத்திருக்கின்றன? பனி எப்படி மிஞ்சுகிறது? பூமி சூடாகிக்கொண்டே போகும் காலத்தில் இது எத்தனை நாளைக்கு?

பனி தீர்ந்துபோவதால்தான் சீசன் முடிகிறதா?

இல்லை. பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

கொலராடோ மலைகளில் பனியின் மொத்த இருப்பு சராசரியாக ஏப்ரல் மாதத்தில்தான் உச்சத்தைத் தொடும். அதாவது, பெரும்பாலான ரிசார்ட்டுகள் கதவைச் சாத்தும் நேரத்தில்தான் உயரமான சரிவுகளில் பனி கிட்டத்தட்ட அதிகபட்ச ஆழத்தில் இருக்கும். பனி தீர்வதற்கு முன்பே ஆள் தீர்ந்துவிடுகிறது என்பதுதான் விஷயம்.

கிறிஸ்துமஸ் விடுமுறை, பிப்ரவரியில் வரும் அதிபர்கள் தின வார இறுதி, மார்ச்சில் பள்ளி-கல்லூரிகளுக்கு விடும் வசந்தகால விடுமுறை. ரிசார்ட்டுகள் கல்லா கட்டுவது இந்த நாட்களில்தான். மார்ச் முடிந்ததும் வெளியூர்க் குடும்பங்கள் வருவது நின்றுவிடும். நகரத்தில் புல் முளைத்து மரம் துளிர்த்துவிட்டால், மக்களின் மனசு சைக்கிளுக்கும் கோல்ஃபுக்கும் தாவிவிடும். மலை உச்சியில் 2 மீட்டர் பனி இருந்தாலும் அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஹோட்டல் அறைகளை நம்பி ஓடும் பெரிய ரிசார்ட்டுக்கு இது பெரிய அடி. அறைகள் காலியாகிவிட்டால், லிஃப்ட்டை மட்டும் ஓட்டி என்ன பிரயோஜனம்? இருபது, முப்பது லிஃப்ட்டுகள், நூற்றுக்கணக்கான ஊழியர்கள், இரவெல்லாம் சரிவைச் சமன்செய்யும் இயந்திரங்கள் என அந்தச் செலவு அப்படியே நிற்கும். வரவு மட்டும் பாதாளத்துக்குப் போய்விடும்.

ஆட்களும் கிளம்பிவிடுகிறார்கள்

இன்னொரு காரணம் வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. அமெரிக்க ரிசார்ட்டுகளில் லிஃப்ட் இயக்குவது, உணவகத்தில் பரிமாறுவது போன்ற வேலைகளுக்கு ஜே-1 விசாவில் வரும் வெளிநாட்டு மாணவர்கள் கணிசம். பெரு, அர்ஜென்டினா, சிலி போன்ற தென் அமெரிக்க நாடுகளில் இருந்து நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் ஊரில் டிசம்பர் முதல் மார்ச் வரை கோடை விடுமுறை. அந்த இடைவெளியில் வந்து சம்பாதித்துவிட்டு, கல்லூரி திறக்கும்போது திரும்பிவிடுவார்கள். ஆக, ஏப்ரலில் பனி இருக்கும், லிஃப்ட் இருக்கும், அதை இயக்க ஆள் இருக்காது.

மீதியுள்ள ஊழியர்களுக்கும் வேறு வேலை காத்திருக்கும். அமெரிக்காவில் 120-க்கும் மேற்பட்ட பனிச்சறுக்கு மையங்கள் அரசின் தேசிய வனநிலத்தில், அனுமதி பெற்று நடப்பவை. அந்த நிலத்தில் கயிற்றுச் சறுக்கு, மலைச் சைக்கிள் பாதை போன்ற கோடைகாலப் பொழுதுபோக்குகளுக்கு 2011-இல் வந்த ஒரு சட்டம் வழி திறந்துவிட்டது. அதன் பிறகு பெரிய ரிசார்ட்டுகளுக்கு வசந்தகாலம் என்றால், கோடைக்குத் தயாராகும் காலம். பனியைச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சைக்கிள் பாதையைச் சீக்கிரம் திறப்பது அவர்களுக்கு லாபம்.

அப்போ ஏ-பேசினுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது?

முதல் காரணம், உயரம். அதன் அடிவாரமே கடல் மட்டத்தில் இருந்து 3,286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி 3,978 மீட்டர். அந்த உயரத்தில் மே மாதத்திலும் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும். சரிவுகளில் பெரும்பகுதி வடக்கையும் வடகிழக்கையும் நோக்கியிருப்பதால், வெயில் நேராக விழுவதும் குறைவு.

இரண்டாவது காரணம், அதன் எளிமை. ஏ-பேசினின் அடிவாரத்தில் ஹோட்டல் கிடையாது, அடுக்குமாடி விடுதி கிடையாது. 1,428 ஏக்கர் பரப்பு. அதே வட்டாரத்தில் இருக்கும் வேல் ரிசார்ட்டோ 5,300 ஏக்கருக்கும் மேல். ஏ-பேசினுக்கு வருபவர்கள் காலையில் காரில் வந்து, சறுக்கிவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பும் டென்வர்வாசிகளும் மலையோரச் சிற்றூர்க்காரர்களும்தான். காலி அறைகளைப் பற்றிய கவலையே இல்லை. மே மாதத்தில் ஒன்றிரண்டு லிஃப்ட்டுகளை மட்டும் ஓட்டி, மற்றதை நிறுத்திவிடலாம். சின்ன வண்டிக்கு டீசல் கம்மி, அவ்வளவுதான்.

மூன்றாவது காரணம், போட்டியாளர்கள் யாரும் இல்லாத சந்தை. பிப்ரவரியில் ஏ-பேசின், சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பத்துப் பதினைந்து மையங்களில் ஒன்று. மே மூன்றாவது வாரத்தில் மாநிலத்தில் திறந்திருப்பது அநேகமாக அது ஒன்றாகத்தான் இருக்கும். மற்ற இடங்களின் வாடிக்கையாளர்களில் ஆசை தீராதவர்கள் எல்லோரும் இங்கே வந்தாக வேண்டும்.

பெயர் சம்பாதித்த கதை

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946-இல் ஆரம்பிக்கப்பட்ட இடம் ஏ-பேசின். போரில் அமெரிக்காவின் 10-ஆவது மலைப் படைப்பிரிவில் இருந்த லாரி ஜம்ப் அதன் நிறுவனர்களில் ஒருவர். ஆரம்பத்தில் லிஃப்ட்டுகூட இல்லை. ஓடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும்.

நீண்ட சீசன்தான் அதன் அடையாளமாக மாறியது. 1995-இல் கடும்பனி பெய்த வருடத்தில், ஆகஸ்ட் 10 வரை லிஃப்ட் ஓடியது. 2011-லும் 2019-லும் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 வரை திறந்திருந்தது. இந்தத் தேதிகளை அங்குள்ள பனிச்சறுக்கு ரசிகர்கள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி நினைவில் வைத்திருக்கிறார்கள். விளம்பரத்துக்குக் கோடிகளைக் கொட்ட முடியாத ஒரு மையத்துக்கு, கடைசியாக மூடும் மலை என்ற பெயரே பெரிய விளம்பரம்.

இதில் நேரடி லாபம் இருக்கா?

மே மாத டிக்கெட் விற்பனையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், பெரிய தொகை கிடைக்காது. வருபவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே சீசன் பாஸ் வாங்கியவர்களாக இருந்தால், வாசலில் புதுப் பணமே விழாது. சாப்பாடு, பீர் விற்பனையில் கொஞ்சம் வரும்.

ஆனால் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் அடுத்த குளிர்காலத்துக்கான சீசன் பாஸ் வசந்தகாலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும். 'அடுத்த வருஷத்துக்கு இப்போதே வாங்கினால், இந்த சீசனின் மீதி நாட்கள் இலவசம்' என்பது பல சின்ன மையங்கள் கையாளும் உத்தி. லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்த மீதி நாட்களுக்கு மதிப்பு. ஏப்ரலில் வாங்கப்படும் பாஸ் என்பது, பனி விழுமா விழாதா என்று தெரிவதற்கு முன்பே கையில் வரும் பணம். அடுத்த குளிர்காலம் பொய்த்துப் போனாலும் மையம் தாக்குப்பிடிக்க அது உதவும். ஆக, மே மாதப் பனியில் அவர்கள் விற்பது அடுத்த டிசம்பரை.

இன்னொரு பலன் ஊழியர்களுக்கு. பனி சீசன் முடிந்து கோடைச் சுற்றுலா ஆரம்பிக்கும் வரையிலான ஏப்ரல் பாதி முதல் ஜூன் தொடக்கம் வரையிலான காலத்தை மலை ஊர்களில் 'சேற்றுக் காலம்' என்பார்கள். பனி உருகி வழியெல்லாம் சகதியாகிவிடும். உணவகங்கள் பூட்டிக் கிடக்கும். சம்பளம் நின்றுபோகும், வீட்டு வாடகை மட்டும் நிற்காது. அந்த ஆறேழு வாரங்களில் லிஃப்ட் இயக்குபவர், மீட்புப் பணியாளர், சமையல்காரர் எனச் சிலருக்காவது வேலை கிடைப்பது ஊருக்குச் சின்ன விஷயம் இல்லை.

கூட்டம் குறைவாக இருந்தாலும் மலையை ஓட்ட முடியும் என்பதை ஏ-பேசின் வேறு விதமாகவும் காட்டியிருக்கிறது. வேல் நிறுவனத்தின் 'எபிக் பாஸ்' வைத்திருப்பவர்கள் இங்கேயும் சறுக்கலாம் என்ற ஏற்பாடு பல வருடம் இருந்தது. வார இறுதிகளில் கார் நிறுத்த இடமில்லாமல் திணறியதால், 2019-இல் அந்த உறவை ஏ-பேசின் முறித்துக்கொண்டது. பிறகு தன் பாஸ், டிக்கெட் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தது. 2020-இல் கொரோனாவுக்காக மார்ச் நடுவில் மாநிலத்தின் எல்லா மையங்களும் மூடப்பட்டன. மே 27 அன்று ஏ-பேசின் மறுபடி திறந்தது, முன்பதிவு செய்த 600 பேருக்கு மட்டும் ஒரு நாளில் அனுமதி என்ற நிபந்தனையோடு. மற்ற மலைகளுக்கு அந்த சீசன் மார்ச்சிலேயே முடிந்துபோயிருந்தது. இங்கே மட்டும் திறப்பதற்குப் பனி மிச்சமிருந்தது.

மே மாதப் பனி எப்படி இருக்கும்?

ஜனவரியில் விழும் பனி மாவு மாதிரி. மே மாதப் பனி ரவை மாதிரி. பகலில் மேற்பரப்பு உருகும், இரவில் திரும்ப உறையும். இது நாள்தோறும் நடக்கும்போது பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய பெரிய மணிகளாக மாறும். காலை 8 மணிக்கு அது கல்லு மாதிரி இருக்கும். 10 மணி வாக்கில் மேலே ஒரு விரற்கடை இளகும்போது சறுக்கினால் வெண்ணெய்தான். பிற்பகலில் அதே சரிவு கால் புதையும் கூழாகிவிடும். எனவே, வசந்தகாலப் பனிச்சறுக்கில் நேரம்தான் எல்லாம். சீக்கிரம் வந்து, மதியத்துக்குள் முடித்துவிட்டு, 'பீச்'சுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. இரவில் சரியாக உறையாமல் போனால், உருகிய தண்ணீர் பனியின் உள்ளே இறங்கி அடுக்குகளைத் தளர்த்திவிடும். மொத்தச் சரிவும் ஈரமாகச் சரிந்து இறங்கும். 2005 மே மாதத்தில் ஏ-பேசினில், திறந்துவைக்கப்பட்டிருந்த சரிவிலேயே இப்படியொரு ஈரப் பனிச்சரிவு ஏற்பட்டு ஒருவர் உயிரிழந்தார். உலர்ந்த குளிர்காலப் பனியை வெடிவைத்துச் சரித்து, பாதுகாப்பை உறுதிசெய்வதில் மீட்புப் பணியாளர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. ஈரப் பனியிடம் அந்த வெடி வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை. இரவு எவ்வளவு குளிர்ந்தது, எந்தச் சரிவில் எத்தனை மணிக்கு வெயில் படும் என்று பார்த்துப் பார்த்து, இளகுவதற்கு முன்பே மூட வேண்டியிருக்கிறது.

உயரம் இல்லாத இடங்கள் என்ன செய்கின்றன?

எல்லோருக்கும் 4,000 மீட்டர் மலை கிடைப்பதில்லை. அதனால், ஊருக்கு ஊர் உத்தி மாறுகிறது.

அமெரிக்காவின் கிழக்கே, வெர்மான்ட் மாநிலத்தின் கில்லிங்டன் சின்ன மையம் அல்ல. ஆனால் அதன் உயரம் சுமார் 1,290 மீட்டர்தான். அங்கே குளிர்காலம் முழுக்கச் செயற்கைப் பனியை 'சூப்பர்ஸ்டார்' என்ற ஒரே சரிவில் பல மீட்டர் உயரத்துக்குக் குவித்துவைப்பார்கள். சுற்றிலும் காடு பச்சையாகிவிட்ட பிறகும், அந்த ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் மே கடைசி வரை, சில வருடங்களில் ஜூன் வரை தாங்கியிருக்கிறது. இது இயற்கையின் கொடை அல்ல. மின்சாரமும் தண்ணீரும் செலவழித்து வாங்கிய நாட்கள்.

ஓரிகன் மாநிலத்தில் ஹூட் மலையில் இருக்கும் டிம்பர்லைன் கோடையிலும் பனிச்சறுக்கு நடத்தும் இடம். அங்கே இளகும் பனியில் உப்புத் தூவுகிறார்கள். உப்பு பனியை உருக்கத்தானே செய்யும் என்று கேட்கலாம். மேற்பரப்பில் கொஞ்சம் உருகும்போது, அது சுற்றியுள்ள பனியில் இருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கீழே இருப்பது இறுகிவிடும். சில மணி நேரத்துக்குச் சரிவு கெட்டியாக நிற்கும்.

வயோமிங்-மொன்டானா எல்லையில் இருக்கும் பியர்டூத் பேசின் கதை தலைகீழ். குளிர்காலத்தில் அங்கே யாரும் போகவே முடியாது. 3,300 மீட்டருக்கும் மேலே ஏறும் பியர்டூத் நெடுஞ்சாலை பனியில் புதைந்திருக்கும். மே கடைசியில் சாலையில் பனியை அகற்றிய பிறகுதான் மையமே திறக்கும். இரண்டே இரண்டு இழுவை லிஃப்ட்டுகள். மற்றவர்களின் சீசன் முடியும் நாளில் இவர்களின் சீசன் ஆரம்பம். பனி போதாத வருடத்தில் திறப்பே சந்தேகம்தான்.

ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ரிக்ஸ்கிரென்சன் இன்னொரு ரகம். அங்கே டிசம்பர்-ஜனவரியில் சூரியனே எட்டிப் பார்க்காது. இருட்டில் யார் சறுக்குவது? அதனால், பிப்ரவரியில் திறந்து மே கடைசி வரை நடத்துகிறார்கள். சீசன் முடியும் தறுவாயில் சூரியன் மறைவதே இல்லை என்ற நிலை வந்துவிடும். நள்ளிரவு வெளிச்சத்தில் சறுக்குவதற்காகவே ஆட்கள் வருகிறார்கள். அங்கே வசந்தகாலம் என்பது சீசனின் வால் பகுதி அல்ல. சீசனே அதுதான்.

மே மாதம் வரை பனி இருக்கே, அப்போ பருவநிலை மாற்றம் பொய்யா?

சமூக வலைதளங்களில் வருடா வருடம் கிளம்பும் கேள்வி இது. பதில்: இரண்டும் வேறு வேறு விஷயம்.

ஆகஸ்ட் 1995, ஜூலை 2019 எல்லாம் தனித்தனி வருடங்களில் பெய்த பனியின் விளைவு. 2023-இல் கலிஃபோர்னியாவில் வரலாறு காணாத பனி பெய்தபோது, மாமத் மலை ஆகஸ்ட் 6 வரை திறந்திருந்தது. ஒரு வருட மழையை வைத்து வறட்சி இல்லை என்று சொல்ல முடியாது என்பது போலத்தான் இதுவும். சராசரி வேறு கதையைச் சொல்கிறது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தையும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் பனிச்சறுக்கு சீசன்களை ஒப்பிட்டது. 1960-79 காலத்தோடு பார்க்கும்போது, 2000-2019 காலத்தில் சராசரி சீசன் 5.5 முதல் 7.1 நாட்கள் வரை சுருங்கியிருக்கிறது. இதனால் வருடத்துக்கு 25 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்கிறது அந்த ஆய்வு. 2050-களில் உமிழ்வைக் கட்டுப்படுத்தினாலும் 14 முதல் 33 நாட்கள், கட்டுப்படுத்தாவிட்டால் 27 முதல் 62 நாட்கள் குறையலாம் என்பது அவர்களின் கணிப்பு. செயற்கைப் பனி இயந்திரங்கள் இருந்தும் இந்த நிலை.

கொலராடோவுக்கு இன்னொரு தொல்லை, தூசு. புதுப்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். வசந்தகாலக் காற்று தென்மேற்குப் பாலைவனங்களில் இருந்து அள்ளிவரும் செம்மண் தூசு அதன்மேல் படிந்தால், வெள்ளை பழுப்பாகும், வெயிலை உறிஞ்சும். பனி உருகி முடிவது இதனால் வாரக்கணக்கில் முன்கூட்டியே நடக்கிறது. சறுக்கப் பனி இல்லை என்பதோடு இது முடிவதில்லை. கொலராடோ ஆற்றை நம்பியிருக்கும் மாநிலங்களுக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் வரும் என்பதும் இந்தப் பனியில்தான் இருக்கிறது.

செயற்கைப் பனியாலும் மே மாதத்தைக் காப்பாற்ற முடியாது. காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால்தான் அந்த இயந்திரங்கள் ஒழுங்காகப் பனி கொடுக்கும். அக்டோபர், நவம்பரில் சீசனை ஆரம்பிக்க அது உதவும். மே மாதத்தில் இருப்பதைப் பாதுகாக்கலாமே தவிர, புதிதாகச் செய்ய முடியாது.

அதனால்தான், மிஞ்சிய பனியைச் சேமிக்கும் யோசனை சின்ன மையங்களை ஈர்க்கிறது. வெர்மான்ட்டின் கிராஃப்ட்ஸ்பரி என்ற இடத்தில் 2018-இல் சுமார் 9,300 கன மீட்டர் பனியை மரச்சில்லுகள், பிரதிபலிக்கும் விரிப்பு எனப் போர்த்திக் கோடை முழுக்க வைத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 60 சதவீதம் மிஞ்சியது. விஸ்கான்சின் மாநிலத்தின் டைரோல் பேசின் என்ற சின்ன மையம், காப்புப் போர்வைக்குள் சேமித்த பனியை வைத்து 2025 அக்டோபரிலேயே சறுக்க விட்டது. வீட்டில் ஐஸ் கட்டியை மரத்தூளுக்குள் வைத்த பழைய தொழில்நுட்பம்தான். அளவுதான் பெரிது.

சின்ன மையம் பெரிய கைக்குப் போனால்?

அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் 700-க்கும் அதிகமான பனிச்சறுக்கு மையங்கள் இருந்தன. இப்போது 500-க்கும் குறைவு. காணாமல் போனவற்றில் பெரும்பாலானவை சின்ன மலைகள். மிஞ்சியவற்றில் முக்கியமான பலவும் வேல், ஆல்டெரா என்ற இரண்டு நிறுவனங்களின் பிடியில் இருக்கின்றன.

ஏ-பேசினின் வரலாற்றிலேயே இந்த இழுபறி இருக்கிறது. 1997-இல் வேல் நிறுவனம் பக்கத்து மையங்களோடு சேர்த்து இதையும் வாங்கப் பார்த்தது. போட்டி குறைந்துவிடும் என்று சொல்லி அமெரிக்க நீதித்துறை தலையிட்டு, ஏ-பேசினை மட்டும் வேறு யாருக்காவது விற்க வைத்தது. கனடாவைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று வாங்கி, கால் நூற்றாண்டுக்கும் மேல் நடத்தியது. 2024-இல் அது ஆல்டெராவுக்குக் கைமாறியது.

இதை எப்படிப் பார்ப்பது? ஒரு பக்கம், ஆல்டெராவுக்குச் சொந்தமான மாமத் மலையும் நீண்ட சீசனுக்குப் பெயர் போனதுதான். பல மலைகளை ஒரே பாஸில் விற்கும் நிறுவனத்துக்கு, அதில் ஒன்றாவது ஜூன் வரை திறந்திருப்பது நல்ல விற்பனைப் பொருள். இன்னொரு பக்கம், தனி மையமாக இருந்தபோது மூடும் தேதியை மலையிலேயே இருப்பவர்கள் பனியைப் பார்த்து முடிவு செய்தார்கள். பெரிய குழுமத்தில் அந்த முடிவு மற்ற மலைகளின் வரவு செலவோடு சேர்த்து எடைபோடப்படும். பனி மோசமான ஒரு வருடத்தில், ஐநூறு பேருக்காக லிஃப்ட் ஓட வேண்டுமா என்ற கேள்விக்கு ஊர்க்காரர் சொல்லும் பதிலும் கணக்காளர் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் என்ன நிலை?

காஷ்மீரின் குல்மார்க்கில் அபர்வத் மலையில் ரோப் கார் போய்ச் சேரும் இடமும் கிட்டத்தட்ட ஏ-பேசின் உச்சியின் உயரம்தான். அங்கே சிக்கல் சீசனின் கடைசியில் இல்லை, தொடக்கத்தில். 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்த படங்கள் நாடு முழுக்கப் பரவின. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு, பனி பெய்த பிறகு மார்ச்சில்தான் நடந்தன. வழிகாட்டிகளும் குதிரைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் நம்பியிருப்பது ஜனவரி கூட்டத்தை. பனி மார்ச்சில் வந்தால், கூட்டத்தையும் மார்ச்சுக்கு வரவைக்க முடியுமா என்பது அங்கேயும் கேள்வியாகிவிட்டது. மலையில் பனி இருந்தால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் ஆள் வர வேண்டும் என்ற கொலராடோ பாடம் குல்மார்க்குக்கும் பொருந்தும்.

இனி என்ன?

வசந்தகாலத்தில் சீசனை நீட்டிப்பது, பருவநிலை மாற்றத்துக்கு மாற்று மருந்து கிடையாது. அது, உயரமும் திசையும் ஒத்துழைக்கும் சில மலைகளுக்கு மட்டும் கிடைத்த சலுகை. இவ்வளவு காலமும் பெரிய ரிசார்ட்டுகள் தட்டில் மிச்சம் வைத்துவிட்டுப் போனதை எடுத்துச் சின்ன மையங்கள் பிழைத்தன. ஏப்ரலில் யாருக்கும் வேண்டாத பனி நிறையக் கிடந்ததால்தான் அது நடந்தது.

உருகுவது முன்கூட்டியே ஆரம்பித்தால், முதலில் குறையப்போவது அந்த மிச்சம்தான். இனிமேல் ஒரு சின்ன மையம் மே மாதம் திறந்திருக்கிறது என்ற செய்தி வரும்போது, எந்தத் தேதி வரை என்பதோடு இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும்: அது இயற்கையாக மிஞ்சிய பனியா, மின்சாரமும் தண்ணீரும் கொட்டிச் சேர்த்த பனியா? மூடும் நாளை முடிவு செய்வது மலையில் இருப்பவரா, தலைமை அலுவலகத்தில் இருப்பவரா? சேற்றுக் காலத்தில் ஊர்க்காரர்கள் சிலருக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பது இந்த இரண்டையும் பொறுத்துத்தான் இருக்கிறது.